மகளின் ஆய்வகத்துக்கு எண்ணெய்த் தலையோடு போனோம்

டெல்லியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேஜைக்காரி தினமும் காலையில் "தபியத் டீக் நஹீ ஹை க்யா?" என்று கேட்பாள். நன்றாகத்தானே இருக்கிறேன், உடம்புக்கு என்ன என்று ஏன் கேட்கிறாள் என்று குழம்புவேன். பல நாள் கழித்துத்தான் புரிந்தது. இங்கே எண்ணெய் என்பது குளிப்பதற்கு முன்னால் தேய்ப்பது. எண்ணெய்த் தலையோடு வெளியே வந்தால் முடியாமல் கிடந்து எழுந்து வந்தவள் என்று அர்த்தம். நமக்கோ தலைக்குக் குளித்து, காயவைத்து, எண்ணெய் வைத்துப் படிய வாரினால்தான் வாசல் தாண்டலாம். அருப்புக்கோட்டையில் வறண்ட தலையோடு பள்ளிக்கூடம் போனால், "வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லயே?" என்று டீச்சரே கேட்பார். இந்த வித்தியாசத்தோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டேன். அது என் மகளின் படிப்புக்கு நடுவில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

மகள் தாரிணி மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்தவள். மூளை ஆராய்ச்சிக்கு வர விரும்பும் இளைஞர்களை உதவித்தொகை கொடுத்துப் பழக்கும் ஒரு திட்டத்தில் போன வருடம் சேர்ந்தாள். எங்களைப் போன்ற மத்திய அரசு ஊழியர் குடும்பங்களில் பயிற்சி என்றால் அடுத்தது போஸ்டிங். "ட்ரெய்னிங் முடிஞ்சா பிள்ளைய எந்த ஊருக்குப் போடுவாங்க?" என்று ஊரிலிருந்து அண்ணன் ஒவ்வொரு போனிலும் கேட்பார். எந்த ஊருக்கும் போடமாட்டார்கள். வருட முடிவில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வு செய்து காட்ட வேண்டும். தேறினால் இரண்டாம் வருடம் ஜெர்மனியில், தேறாவிட்டால் வீட்டுக்கு. அவள் தேற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அலுவலகத்துக்குக் கிளம்பிய என் கணவர் மெட்ரோ படிக்கட்டில் சரிந்து, திரும்பாமலே போய் இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. அவள் வர அரை மணி தாமதமானாலே வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பேன். இவளை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு நான் எந்தக் கதவு திறக்கும் என்று காத்திருப்பது?

தமிழில் வளர்ந்து டெல்லியில் வெகுகாலம் வாழ்கிறவர்களின் மூளை, தமிழ் வாக்கியத்தையும் ஹிந்தி வாக்கியத்தையும் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது அவள் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் ஹிந்தி பேசி வளர்ந்த சிலரையும் உட்காரவைத்தாள். கம்பிகள் பதித்த தொப்பியைத் தலையில் மாட்டினால், மூளையின் மின்னோட்டம் திரையில் கோடுகளாக ஓடும். பேருந்துப் பலகையைக்கூடத் தமிழில் படிக்காத பெண், இதற்காக எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினாள். ஆட்கள் குறைந்தபோது எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்களைக் கூட்டிவரச் சொன்னாள். "எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டு வந்தா போதும்மா." ஞாயிறு மட்டும்தான் மெஷின் அவளுக்கு, அந்த வாரமே ஆய்வை ஒப்படைக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். தலைக்குக் குளித்து, காயவைத்து, தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முந்தைய நாள் வாங்கி வைத்த மல்லிகையோடு. வாசல் காவலர் பார்த்துவிட்டு, பூஜைக்குக் கோயில் பின்பக்கம் என்றார். மூளையைக் காட்ட வந்திருக்கிறோம் என்று என் ஹிந்தியில் விளக்கினேன். அவர் முகம் இரக்கமானது. "ஆண்டிஜி, டாக்டர் கல் மிலேங்கே" என்றார். நாளைக்குத்தான் டாக்டராம். தாரிணி ஓடிவந்து எங்களைப் பார்த்தாள். என் பின்னலைத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

"எண்ணெயாம்மா?"

"தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தோம்."

"எண்ணெய் இருந்தா கம்பி தலையில ஒட்டாதும்மா. ஒரு கோடுகூட ஒழுங்கா வராது." அவள் உதடு துடித்தது. "எல்லாம் கயா. போச்சு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியானால் இவள் என்னோடுதான் இருப்பாள் என்று தோன்றியது. அதற்குள் எதிர்வீட்டுச் சந்திரா அக்கா பூவைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். "இதுக்கா அழுவ? சோப்பு இருக்காடி இங்க? இல்லேன்னா அந்த வாட்ச்மேனையே வாங்கியாரச் சொல்லு. ஏற்கெனவே நம்மளப் பைத்தியம்னுதான் நெனச்சிருக்கான்."

ஷாம்பு அங்கேயே இருந்தது. கை கழுவும் தொட்டியில் ஒவ்வொருவராகக் குனிந்தோம். என் தலையைத் தாரிணியே கழுவினாள். ஊரில் சனிக்கிழமைகளில் சீயக்காய் கண்ணில் இறங்க, அம்மாவின் முழங்காலுக்கு நடுவில் கத்திக்கொண்டே நான் உட்கார்ந்திருந்த புழக்கடை ஞாபகம் வந்தது. இவளுக்கு அப்படி நான் தேய்த்துவிட்டதே சில வருடங்கள்தான். பிறகு முடியை வெட்டிக்கொண்டாள். இவ்வளவு மெதுவாக ஒருவர் என் தலையைத் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. "என் மக தீபாவளிக்குக்கூட இப்படி எனக்குத் தேச்சதில்ல," என்றார் சந்திரா அக்கா, ஈரத் தலையோடு.

தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சில வாக்கியங்களின் முடிவு வேண்டுமென்றே கோணலாக இருக்கும், அசையாமல் கேட்க வேண்டும். 'காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் செருப்பு குடித்தேன்' என்று ஒரு குரல் சொன்னது. சிரித்துவிட்டேன். "அம்மா, சிரிச்சா கோடெல்லாம் ஆடுது," என்றாள் தாரிணி கண்ணாடிக்கு அப்பாலிருந்து. கொஞ்ச நேரத்தில், சட்டையை வெயிலில் காயப்போட்டதும் அது குரைத்தது என்று ஒரு வாக்கியம். மறுபடி சிரித்தேன். அது ஹிந்தியில் வந்தது என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. டெல்லிக்கு வந்த புதிதில், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில், அலுவலகத்தில் ஹிந்தி நகைச்சுவைக்கு எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரிப்பவள் நான். அந்தப் பெண் எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறாள். அவளை நினைத்துக் கொஞ்சம் அழுகையாகக்கூட வந்தது.

ஆய்வு தேறியது. அடுத்த மாதம் கிளம்புகிறாள். ஆய்வகத்திலிருந்து அவள் சாமான்களை எடுத்துவரப் போனபோது கேட்டேன்: "உனக்கு அந்தத் தொப்பிய மாட்டினா எது முன்னாடி வரும்? தமிழா, ஹிந்தியா?"

"என் ஸ்டடில நான் உக்காரவே முடியாதும்மா. தமிழ்லயே வளர்ந்திருக்கணும்னு நானே ரூல் போட்டிருக்கேன்."

"அப்ப ஹிந்திக்காரங்களோட?"

"வீட்ல ஹிந்தி பேசியிருக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுலயும் நான் இல்ல."

அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, விளையாட்டாகவும் சொல்லவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். மேஜையில் இருந்த அவள் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கினேன். கடைசியாகத் தொப்பியைக் குழாயில் அலசி, மூலையில் இருந்த தெர்மாகோல் தலையில் உலர மாட்டினாள். அந்தத் தலைக்குக் கண்ணோ வாயோ கிடையாது. கம்பிகளிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் சொட்டிக்கொண்டிருந்தது.