பட்டுப்புடவையில் பார்த்த கார்

டிங்கர் அண்ணன் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது ஒரு கோணிச்சாக்கு. வாகனக் காப்பீட்டு சர்வேயராக நான் தொழிலுக்கு வந்த புதிது. லாரி மோதி நசுங்கிய வேன் ஒன்றைப் பார்க்க, அரியாங்குப்பத்தில் இருந்த அவருடைய ஷெட்டுக்குப் போயிருந்தேன். அதுவரை நான் போன இடங்களிலெல்லாம், ஒரு பெண் வண்டிக்கடியில் படுக்கப் போகிறாள் என்றதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர் ஒரு சாக்கை உதறி வேனுக்கடியில் விரித்தார். "ஆயில் சிந்திக் கெடக்குது மேடம்" என்றார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஷெட்டின் மறுகோடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து புடவையைச் சரிசெய்துகொள்ளும்வரை அவர் திரும்பவில்லை.

அதற்கப்புறம் இருபது ஆண்டுகளில் எத்தனையோ வண்டிகளுக்கடியில் படுத்திருக்கிறேன். சர்வேயர் மேடம் அடியில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்று புதுச்சேரி ஷெட்டுகளில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சின்மேல் எனக்கு இருந்த ஆசைதான் இங்கே சொல்லப்போகும் தப்புக்கெல்லாம் காரணம்.

என் தங்கையின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. ஓய்வுபெற்று வந்து கருவடிக்குப்பத்தில் வீடு கட்டிக் குடியேறியதும், பழைய கான்டெஸா கார் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் புதிதாக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக அந்தக் கார் கடற்கரைச் சாலையில் போனதைப் பள்ளிக்கூடக் காலத்தில் நின்று பார்த்தவராம். எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் வண்டி கிளம்ப மறுத்ததை மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு போய்விட்டது, பெயிண்டுக்குள் இருப்பது வெறும் பட்டிப் பூச்சு. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், ஈரவாடை அடித்தால் அடித்தகடு துருப்பிடித்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை வண்டியில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். கண்ணாடியும் விளக்கும் இனிமேல் கிடைக்காது, அவை முழுதாக இருக்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். எஞ்சினை மாற்றலாம், சீட்டைத் தைக்கலாம். அடியில் படுத்துப் பார்க்கும்போது சேஸிஸை வெட்டி ஒட்டியிருந்தால் எழுந்து வந்துவிட வேண்டும்.

சேதராப்பட்டில் ஒரு கிடங்கில் கார் இருப்பதாகத் தகவல் வந்தது. நாங்கள் போன அன்று காலையில் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். அங்கிருந்து நேராக, அரக்கு நிறப் பட்டுப்புடவையோடு போனேன். பானெட் குளிர்ந்துதான் இருந்தது. காந்தம் இரண்டே இடங்களில் நழுவியது. எண்கள் ஒத்துப்போயின. எஞ்சின் ஒரே முயற்சியில் உறுமியபோது தங்கையின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. தரையெல்லாம் கிரீஸ். சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. பின்பக்கம் போய் ஒரு முறை குனிந்தேன். இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"நான் வேணா படுத்துப் பாக்கட்டுமா அக்கா?" என்று அவர் கேட்டார்.

"வேணாம் தம்பி. நான் பாத்துட்டேன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து டிங்கர் அண்ணன் போன் செய்தார். வேலைக்கு வண்டியை அவரிடம் அனுப்பியதே நான்தான். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகவும், சாருக்குச் சொல்வதற்கு முன் நான் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது என்றும் சொன்னார். போனேன். முன்சீட்டுக்குப் பின்னால், வண்டியின் குறுக்கே கோணல்மாணலாக ஒரு வெல்டிங் கோடு ஓடியது. முன்பாதி ஒரு காருடையது, பின்பாதி வேறொரு காருடையது. வேகமெடுத்து ஓட்டினால் என்றைக்கு வேண்டுமானாலும் இரண்டாகப் பிரியலாம். அவர் குற்றமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானே என் வாயால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழி வைத்திருந்தார்.

நான் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தங்கையின் கணவர் தற்செயலாக வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீங்க அன்னிக்கு அடியில பாத்தீங்கல்ல அக்கா?" என்றார்.

"நான் பாக்கறப்ப இது இல்ல" என்றேன்.

திட்டமிட்டுச் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்த நொடியிலேயே அது யார் தலையில் விழுகிறது என்று எனக்குத் தெரிந்தது. நல்ல பாதியை அறுத்து எடுத்துக்கொண்டு, ஓட்டை வண்டி ஒன்றின் பாதியை ஒட்டிவிட்டார் என்று டிங்கர் அண்ணனைச் சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல் ஒரு பார்வை. "வெல்டு பழசு சார். தொட்டுப் பாருங்க, துரு ஏறிப் போயிருக்குது" என்று மட்டும் சொன்னார். தங்கையின் கணவர் தொட்டுப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

மறுநாளே தங்கையின் கணவர் வண்டியை இழுத்துக்கொண்டு போய் வீட்டு ஷெட்டில் போட்டு மூடிவிட்டார். ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள், பெரும்பாலும் சொல்தாக்கள். விஷயம் காதில் விழுந்ததும் அவர்கள் டிங்கர் அண்ணனிடம் போவதை நிறுத்தினார்கள். நானும் அங்கே வண்டி அனுப்புவதை நிறுத்தினேன். அனுப்பினால் சந்தேகம் வரும் என்று பயந்தேன். ஓராண்டுக்குள் ஷெட் மூடப்பட்டது. சேதராப்பட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் வெல்டராக ஷிப்டு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அப்படிக் கேள்விப்பட்ட அன்றும் வழக்கம்போல் சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது எழுதும்போது அதுதான் அதிகமாகக் கூசுகிறது.

வருஷங்கள் ஓடின. போன மாதம் என் தங்கையும் கணவரும் பிரான்சில் இருக்கும் மகனோடு தங்கிவிட முடிவெடுத்தார்கள். காரைக் கேட்டு விழுப்புரத்திலிருந்து ஒருவர் வருவதாகவும், அவரிடம் வண்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் தங்கையின் கணவர் கேட்டார். இன்னொருவர் என் சொல்லை நம்பி அந்தக் காரில் ஏறுவதற்கு என்னால் இடம்கொடுக்க முடியவில்லை. ஒட்டு முதலிலேயே இருந்தது, நான் அன்று அடியில் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "துரு மூணு வாரத்துல ஏறாது அக்கா. அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். பிறகு, "உங்களயா அந்த ஆளயான்னு வந்துது. அந்த ஆள விட்டுட்டேன்" என்றார்.

இருவரும் சேர்ந்தே டிங்கர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஷிப்டு முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நான் சொல்வதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவந்த எனக்கு அழுகைதான் வந்தது.

"இத எங்கிட்ட எதுக்கு மேடம் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றார் அவர். "தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தோம். கார் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். ஒருவர் இறந்துபோயிருந்தார், அவர் மனைவியிடம் சொன்னோம். இன்னொருவர், இவ்வளவு நாள் கழித்து இது தேவையா என்று சிரித்தார். தேவை என்றேன். விழுப்புரத்துக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். டிங்கர் அண்ணன் மறுபடி ஷெட் திறக்கவில்லை; திறக்கும் வயதும் தாண்டிவிட்டது.

நேரில் போய்ச் சொல்ல முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பார்த்த அன்றே அந்த ஒட்டு அங்கே இருந்தது. நான் பார்க்கவில்லை.