சுத்தத் தண்ணீரில் ஆரஞ்சு நூல்

ஹில்காவின் வேலை நீர்த்தெள்ளு வளர்ப்பது. கனடாவின் தண்டர் பே ஊரில், ஏரியை ஆராயும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். கடுகளவுப் பூச்சி, கண்ணாடி மாதிரி உடம்பு. தின்றதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும். "என் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லவே வராது" என்று பீற்றிக்கொள்வாள்.

அவற்றின் அறைக்குள் பருத்தி உடைதான்; செயற்கை நூல் உதிர்ந்தால் பூச்சிகள் தின்றுவிடும். அது அவள் போட்ட சட்டம். செயற்கை நூல் ஸ்வெட்டரோடு வந்த இயக்குநரையே, "கழட்டிட்டு வாங்க டாக்டர், இல்லன்னா வெளியவே நில்லுங்க" என்று விரட்டியவள். வாசலில் உடையிலுள்ள நூலையும் தூசையும் ஒட்டியெடுக்கும் உருளையோடு நின்று எல்லார் முதுகையும் உருட்டுவாள். திட்டு வாங்கியவர்களுக்குத் திங்கட்கிழமை அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டி கிடைக்கும். அதனால் யாருக்கும் கோபம் நிலைத்ததில்லை.

நவம்பரில் கோரின் என்ற ஆராய்ச்சி மாணவியின் சோதனை முடிந்தது. நீலப் பிளாஸ்டிக் தூசு கலந்த ஜாடிகள் ஒரு வரிசை, சுத்தத் தண்ணீர் ஜாடிகள் ஒரு வரிசை. இருபத்தொரு நாளில் எந்த வரிசை எத்தனை குஞ்சு போடுகிறது என்று பார்க்க வேண்டும். அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

சுத்தத் தண்ணீர் வரிசையிலும் குஞ்சுகள் வழக்கத்தில் பாதிதான். நுண்ணோக்கியில் பார்த்தால், பச்சைப்பாசி நிறைந்திருக்க வேண்டிய குடலில் ஆரஞ்சு நூல் சுருண்டு அடைத்துக் கிடந்தது. வயிறு அடைத்த பூச்சி எப்படித் தின்னும், எப்படிக் குஞ்சு போடும்?

கோரின் அழுதேவிட்டாள். "எல்லாம் என்னாலதான் ஹில்கா. ஆரஞ்சு ஸ்பாஞ்ச் போட்டு ஜாடி கழுவினேன். டாக்டர்கிட்ட என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

ஹில்கா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்து அந்த ஆரஞ்சைப் பார்த்தாள். அது மான் வேட்டைக் காலம். மூன்று ஞாயிறும் காட்டிலிருந்து நேரே வந்து தெள்ளுகளுக்கு இரை போட்டவள் அவள்தான். குளிருக்கு அடக்கமாக, காட்டில் பளிச்சென்று தெரிய வேட்டைக்காரர்கள் போடும் செயற்கை நூல் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமல் மேலே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஜாடி ஜாடியாகக் குனிந்து கொஞ்சியிருக்கிறாள்.

காருக்குப் போய்ச் சட்டையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து வந்து நுண்ணோக்கியில் வைத்தாள். அதேதான். ஸ்பாஞ்சின் மேல் பழி விழுந்தாகிவிட்டது, ஸ்பாஞ்சும் மறுத்துப் பேசப்போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைக்கத்தான் செய்தாள். கோரினின் மூக்குறிஞ்சல் கேட்டது.

"அழாதடி. உன் ஸ்பாஞ்ச் இல்ல, என் சட்டை. வந்து பாரு."

கோரின் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்களா? டாக்டரையே வெளிய நிக்க வச்ச நீங்களா?"

"நானேதான். எனக்கு வெக்கமா இருக்கு. சோதனைய மறுபடி மொதல்லேர்ந்து வைப்போம், இருபத்தொரு நாளும் நானே பாத்துக்கறேன். மானெல்லாம் இந்த வருஷம் பொழச்சுப் போகட்டும்."

"ஏலக்காய் ரொட்டி தெனமும் வேணும்."

"தரேன்."

அடுத்த ஞாயிறு, பருத்திச் சட்டையும் பருத்திக் கால்சட்டையுமாக, குளிரில் பல் தந்தியடிக்க ஹில்கா வந்தாள். வாசலில் உருளையோடு கோரின் நின்றிருந்தாள்.

"திரும்புங்க. கைய தூக்குங்க. தலைய குனிங்க."

உருளையில் ஓர் ஆரஞ்சு நூல் ஒட்டியிருந்தது. தலைமுடியிலிருந்து வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஹில்கா வீட்டுக்குத் திரும்பிப் போய், தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.