நேற்று இரவு இந்த வீட்டில் படுத்திருந்தவர்கள்

எந்த நாட்டில் மனிதர் எத்தனை காலம் வாழ்கிறார்கள், எவ்வளவு படிக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று உலகத்தையே வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார்களே, அந்தப் பெரிய கணக்குக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் ஆவூர் ஜெயராணியின் வேலை. பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகள் வந்தால் மட்டும் அவள் குரல் கம்மும். அவளுடைய அக்கா முதல் பிரசவத்தில், முகம் வீங்கி, கண் மங்கி, உயிரை விட்டவள்.

அன்று இலுப்பூர்ப் பக்கம், தங்கமுத்து வீடு.

“வீட்ல யாரு யாருங்கய்யா இருக்கீங்க?”

“நான், சம்சாரம் அழகி, மகன் ரகுநாத்.”

“மகன் எங்கங்க?”

“ஷார்ஜாவுல.”

“அப்ப அவரு பேரு வராதுங்கய்யா.”

தங்கமுத்துவுக்குச் சுருக்கென்றது. “என்ன ஆத்தா பேசுற? இந்த வீடு நிக்கிறதே அவனாலதான். அவன் பேர அடிச்சுட்டு ஆட்டுக்குட்டியவா எழுதப் போற?”

“அவரு அந்த நாட்டுக் கணக்குல வருவாருங்க.”

“அங்க கம்பெனி கேம்புல பத்தோட பதினொண்ணா கெடக்குறவன யாரு எழுதுறா? இங்கிட்டும் இல்ல, அங்கிட்டும் இல்லைன்னா எம்புள்ள என்ன ஆவியா?”

ஜெயராணிக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. “நேத்து ராத்திரி இந்த வீட்ல படுத்திருந்தவங்கதாங்க கணக்கு.”

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: “அப்ப என்னைய எழுதணுமே!”

“எங்க மக சரண்யா,” என்றாள் அழகி. “தலப்பிரசவத்துக்கு வந்திருக்கு. கட்டிக் குடுத்த புள்ள, அவுக வீட்டு ஆளுல்ல? அதான் சொல்லல.”

பெயரெழுத உள்ளே போன ஜெயராணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அக்காவின் அதே வீங்கிய முகம்.

“தலவலி இருக்காம்மா?”

“காலையிலேர்ந்து மண்டையப் பொளக்குதுக்கா. உங்க முகமே மங்கலாத்தான் தெரியுது.”

“புள்ளத்தாச்சின்னா வீங்கத்தான செய்யும்?” என்றாள் அழகி.

“இது அந்த வீக்கம் இல்லம்மா!” ஜெயராணியின் விரல் அதற்குள் 108-ஐ அழுத்திவிட்டது. ‘பெரியநாயகி மாதாவே’ என்று முணுமுணுத்தபடி, கேள்விகளையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்ததும் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

சரண்யா வீடு திரும்பிய பிறகு, பாதியில் விட்ட கேள்விகளை முடிக்கப் போனாள் ஜெயராணி. தங்கமுத்து முதலில் போனைத்தான் நீட்டினார். திரையில் தலைக்கவசத்தோடு ரகுநாத்.

“எம் பேர அடிச்சீங்களாம்ல அக்கா?”

ஜெயராணி நெளிந்தாள்.

“நல்லவேளை அடிச்சீங்க. எந்தங்கச்சி பேரு ஏறுச்சே, அது போதும்க்கா.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

“வேலையப் பாருடா, ஊரு சிரிக்கும்,” என்று மகனை அதட்டிவிட்டுத் தங்கமுத்து துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப கேளு ஆத்தா. நேத்து ராத்திரி இங்க படுத்திருந்தது மூணு பேரு. நாலாவதா தொட்டில்ல கெடந்த ஒருத்தன் மட்டும் தூங்கவும் இல்ல, எங்களத் தூங்க விடவும் இல்ல. அவனையும் எழுதிக்குவியா?”