கேபிள் பிடுங்கும் பெர்னடெட்

நீலக் கேபிளின் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒரே இழுப்பில் பிடுங்கி, நுனியில் ஒரு ஊது ஊதிவிட்டு நின்றாள் பெர்னடெட். ஆளுயர இரும்பு அலமாரிகளில் அடுக்கிய கணினிகள் எதிரே இரைந்துகொண்டிருந்தன. பச்சை விளக்கு ஒன்று மஞ்சளானது. பக்கத்து விளக்குகள் படபடத்தன. பிறகு எல்லாம் பழையபடி பச்சை. "ம்ம், பொழச்சிக்கிட்டான்" என்று சொல்லிக் கேபிளைத் திரும்பச் செருகினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதுதான் மூச்சு விட்டார்கள்.

தினமும் காலையில் இந்தக் கூத்துதான். எந்தக் கேபிள், எந்த நேரம் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாள்.

"அக்கா உள்ள போயாச்சுலா. இன்னிக்கு யாருக்குக் கருமாதியோ" என்று யாராவது முனகினால், கண்ணாடிக்குள் இருந்தே பதில் வரும்.

"பொட்டியில பூட்டி வெச்ச கொடையில ஓட்டை இருக்கா இல்லையான்னு மழை வந்தப்புறமா பாப்ப? இப்பவே விரிச்சுப் பாரு."

ஈப்போ நகருக்கு வெளியே, ஒரு காலத்தில் கித்தா எனும் ரப்பர் மரம் நின்ற மண்ணில் கட்டிய கட்டடம் அது. எந்த ஆறு எப்போது கரை ஏறும் என்று அங்கே கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய கணக்கு ஒரு கணினியால் ஆகாது. ஆகையால் நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். மலையை வைத்திருக்கும் மெஷின் தன் தண்ணீரைச் சரிவை வைத்திருக்கும் மெஷினிடம் கொடுக்கும். சரிவு பள்ளத்திடம் கொடுக்கும். ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டேதான் கணக்கு நடக்க வேண்டும். ஒன்று செத்தால் அதன் நிலத்தைப் பக்கத்து மெஷின்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வழி அடைத்தால் பேச்சு வேறு வழியாகப் போக வேண்டும். அது போகிறதா என்று பார்ப்பதுதான் பெர்னடெட்டின் வேலை.

குட்டை உருவம். சாயம் காணாத கிராப்பு முடி. கழுத்தில் மாதா பதக்கம். அந்த அறையின் குளிருக்குப் புருஷனுடைய பழைய பஸ் கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வாள். கை நீளமாகி விரல் நுனி மட்டும் தெரியும். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தால் வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்டுவிடும்.

புந்தோங்கில் இருக்கும் வீட்டிலும் அவளுக்கு எல்லாம் இரண்டு. சமையலுக்கு இரண்டு கேஸ் தோம்பு, இரண்டு சாவி, அதுவும் வேறு வேறு பக்கத்து வீடுகளில். கோயிலுக்கு ஒரு ஞாயிறு போன வழியில் அடுத்த ஞாயிறு போக மாட்டாள். தாப்பா டவுனுக்குப் பஸ் ஓட்டி ஓய்ந்த அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் குறைப்பட்டுக்கொண்டார்.

"இந்த வீட்ல எல்லாமே ரெண்டு. புருஷன் மட்டுந்தான் ஒண்ணு."

"அதுக்கும் ஸ்பேர் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். சரக்கு நல்லதா அமையல" என்றாள் பெர்னடெட், முறுக்குத் தட்டை நீட்டியபடி.

செத்த மெஷினைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. "செத்தவனால என்னா தொல்லை? செத்துட்டான்னு தெரிஞ்சுபோச்சு, அவன் வேலைய இன்னொருத்தன் பாத்துக்குவான். அரை உசுரா நின்னுக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்னு தப்புக் கணக்கு கொடுப்பான் பாரு, அவன்தான் குடியக் கெடுக்கறவன்" என்பாள்.

அதனால் அந்த அறையில் எந்த மெஷினிடமும் அதன் உடம்பைப் பற்றி அதையே கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவைதான் அதைச் சோதிக்கும். விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கும். சோதிக்கிறதே கெட்டுப்போயிருக்கலாம் என்பதால் ஒரு சாட்சியோடு விடுவதில்லை. பல சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் அந்த மெஷினைக் கூட்டத்திலிருந்து வெட்டிவிட வேண்டும். வெட்டுப்படுகிறது தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் கணக்கில் சேராது. இந்த ஏற்பாட்டை ஒற்றைக் காலில் நின்று கொண்டுவந்தவள் அவள்தான்.

இந்த நவம்பரில் அது நடந்தது. அறையின் கிழக்கு வரிசைக்கும் மேற்கு வரிசைக்கும் நடுவே பேச்சுப் போக இரண்டு வழிகள் உண்டு. மாற்று வழியில் ஒரு பாகம் பழுதாகி, அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். கழற்றியவள் விமலா, பெர்னடெட்டின் பக்கத்து மேசைக்காரி, பல வருடமாக அவளோடு வேலை செய்கிறவள். கேண்டீனில் காலையில் பசியாறும்போதே சொல்லிவிட்டாள். "அக்கா, நடு ஸ்பேரு கழட்டியிருக்கு. இன்னிக்கு மெயின்ல கை வெச்சிராதீங்க." பெர்னடெட் சம்பலை வழித்துக்கொண்டே "சரிலா" என்றாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவி, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, நேராக உள்ளே போய் அந்த மெயின் கேபிளைத்தான் பிடுங்கினாள்.

இரண்டு வழியும் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை. கிழக்கு வரிசை, மேற்கு செத்துவிட்டது என்று நினைத்தது. மேற்கு வரிசை, கிழக்கு செத்துவிட்டது என்று நினைத்தது. இரண்டும் முழு நிலத்தையும் தன்னதாக எடுத்துக்கொண்டு தனித்தனியே கணக்குப் போட்டன. மலையில் கொட்டும் மழை ஒரு பக்கத்துக்குத்தான் தெரிந்தது. ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு செய்தி வெளியே போனது. ஒன்று ஆறு ஏறும் என்றது. இன்னொன்று ஏறாது என்றது. கேபிளைத் திரும்பச் செருகியும் பயனில்லை. இரண்டும் தன் கணக்கே சரி என்று நின்றன. எல்லாவற்றையும் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குவதற்குள் காலை போய்விட்டது. சிலிம் ரிவர் பக்கம் தாழ்வான ஒரு கம்பத்துக் கிராமத்தில், எந்தச் செய்தியை நம்புவது என்று தெரியாமல் இருந்த சனங்கள் இடுப்புத் தண்ணீரில் வெளியே வந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவரைக் கதவைக் கழற்றி அதன்மேல் வைத்துத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. நுரையீரலில் தண்ணீர் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

அன்று மதியம் எல்லார் முன்னாலும் பெர்னடெட் விமலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டி வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சிருமா? வாயில என்னாடி வெச்சிருந்த?"

விமலா வாயைத் திறந்தாள். பெர்னடெட்டின் முகத்தைப் பார்த்தாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில் இல்லை.

"மறந்துட்டேங்கா. என் தப்புதான்."

நாலு பேர் முன்னால் பெரியவர்களைத் தலைகுனிய வைக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை. வளர்ப்பு அன்றைக்குப் பொய்யாக வாயில் வந்தது. மேலாளர் தனேஸ்வரன் அவளை மாதக் கடைசியில் கமுந்திங்கில் இருக்கும் சாமான் கிடங்குக்குப் போகச் சொல்லி மாற்றல் எழுதினான். பெட்டி எண்ணும் வேலை. படித்த படிப்பு அத்தனையும் குப்பைக்கு.

கேண்டீன் நடத்தும் நல்லம்மாளுக்கு இந்த வளர்ப்பெல்லாம் கிடையாது. விமலாவின் பொறுப்பில்லாத்தனத்தைப் பற்றிப் பெர்னடெட் மறுபடி மறுபடி அரைத்துக்கொண்டிருந்தபோது, கோப்பிக் கிளாசை மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"இந்தா தாயி, போதும் நிறுத்து. அந்தப் புள்ள சொன்னுச்சு. இதே மேசையிலதான் சொன்னுச்சு. நீயும் சரிலான்னு சொல்லிட்டு இன்னொரு தோசை கேட்டு வாங்கித் தின்ன."

"எங்கிட்டயா?"

"பின்ன, சுவத்துக்கிட்டயா? அந்தப் புள்ள ஒனக்காகப் பொட்டி தூக்கப் போகுது. ஒனக்கு மறதி வந்துருச்சு. ஆஸ்பத்திரில காட்டு."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

வாயைவிட்டுப் போன பிறகுதான் அது யார் பேசும் பேச்சு என்று பெர்னடெட்டுக்கு உறைத்தது. கோப்பியைக் குடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஸ்டானிஸ்லாசைக் கேட்டாள். "எனக்கு மறதி இருக்கா?"

அவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார். "வயசானா யாருக்குத்தான் இல்ல? நீ அடுப்ப அணைக்காட்டி நான் அணைக்கிறேன். அதுக்கென்ன இப்ப?"

"நான் அணைக்காம விட்டனா? எத்தன நாளா?"

அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மாற்று வழி ஒழுங்காக வேலை செய்யும் இடத்தில், முதல் வழி செத்துக் கிடப்பது வெளியே தெரியாது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் பெர்னடெட். தன் வீட்டு அடுப்பங்கரையிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அன்பானவர்கள். அந்த அன்புதான் இத்தனை நாள் அவளை மூடி வைத்திருந்தது.

மறுநாள் காலையில் விமலாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தனேஸ்வரனின் அறைக்குள் போனாள்.

"என்னாக்கா? முடிஞ்ச கதைய ஏன் கிண்டறீங்க?"

"முடியல தம்பி. நீ இவள கேளு. அன்னிக்கு எங்கிட்ட சொன்னாளா இல்லையான்னு கேளு."

விமலா தலையைக் குனிந்துகொண்டாள். "அதான் சொன்னேனே சார். நான் மறந்துட்டேன்."

"பொய்" என்றாள் பெர்னடெட்.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா, என்னா நடந்துச்சு?" தனேஸ்வரனுக்குச் சங்கடம், நாற்காலியில் நெளிந்தான்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏன் இங்க வந்து நிக்கிறேன்? நான் நல்லாருக்கேன்னாலும் செல்லாது, கெட்டுப்போயிட்டேன்னாலும் செல்லாது. பக்கத்துல நிக்கிறவ இவ. இவதான் சொல்லணும்."

"அக்கா, வேணாங்கா" விமலா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். "உங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நான் கமுந்திங் போறேன், ஒண்ணும் குடி முழுகிறாது."

"குடி முழுகிப்போச்சுடி. கதவுல வெச்சுத் தூக்கிட்டு வந்தானுங்க ஒரு மனுஷன. நீ பொட்டி எண்ணப் போயிட்டா, நாளைக்கு நான் எதப் பிடுங்குறேன்னு யாரு பாப்பா?"

வெளியே மழை வலுத்தது. விமலா கண்ணைத் துடைத்தாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொன்னேன் சார். பசியாறுறப்ப சொன்னேன். அக்கா சரின்னாங்க. மறந்துட்டாங்க."

தனேஸ்வரன் தொண்டையைச் செருமினான். "இதான் மொத தடவையா?"

விமலா இல்லையென்று தலையாட்டினாள். அதை எதிர்பார்க்காதவள் பெர்னடெட் ஒருத்திதான். மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஜாக்கெட்டின் நீளக் கையை மேலே இழுத்துவிட்டு, இடது கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"சொல்லு."

"போன மாசம் ஒரே மெஷின ரெண்டு தடவ சோதிச்சீங்க. பக்கத்துல இருந்தத விட்டுட்டீங்க. நான் அப்புறம் போய்ப் பாத்தேன்."

பெர்னடெட் சுண்டுவிரலை மடக்கினாள். "அப்புறம்?"

"ஒரு நாளு பாஸ்வேர்டு மறந்து ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தீங்க. கேட்டதுக்கு மெஷின் மெதுவா இருக்குன்னீங்க."

அடுத்த விரல் மடங்கியது. "அப்புறம்?"

விமலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என்னைய தினேஸ்வரின்னு கூப்பிட்டீங்கக்கா. நாள் பூரா. அவங்க வேலைய விட்டுப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. நானும் தினேஸ்வரி மாதிரியே பேசிக்கிட்டிருந்தேன்."

பெர்னடெட் நடுவிரலை மடக்கினாள். பிறகு சுட்டுவிரலை வலது கையால் பிடித்துக்கொண்டு, மடக்காமல், விமலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.