சீரமைப்பு என்று சொன்னவர்

தில்லி சாணக்யபுரியில் வேலை பார்த்த ஓட்டலை விட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். எதிரே அந்த ஜப்பான்காரர் வந்தார். தன் நாட்டில் மந்திரியாக இருந்து பொருளாதாரத்தை மாற்றி அமைத்தவர். அதைப்பற்றிப் பேச வந்து எங்கள் ஓட்டலில் தங்கியிருந்தார். மெலிந்த உடம்பு, பழைய கோட்டு. தேநீர் வைக்கும் எனக்கும் தலை குனிந்து வணங்குவார்.

என் பையைக் காட்டி ஏதோ கேட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பெண்.

"எங்க கிளம்பிட்டீங்கன்னு கேக்கறார், அண்ணா."

"ஓட்டலைச் சீரமைக்கிறாங்களாம் மேடம். என்னையும் சேத்து சீரமைச்சுட்டாங்க."

அந்தப் பெண் அதை ஒரே ஜப்பானியச் சொல்லில் சொன்னார்: "ரிசுதோரா." கிழவர் முகம் வாடியது. மெதுவாகப் பேசினார்.

"சீரமைப்புங்கற அர்த்தத்துலதான் மேடை மேடையா அந்த வார்த்தையைச் சொன்னாராம். ஜனங்க வேலை போறதுக்கே அதைப் பேரா வச்சுட்டாங்களாம்."

"செஞ்சது தப்புங்கறாரா?"

கேட்டுச் சொன்னார். "செஞ்சது சரிதானாம். உங்க பேர் என்னன்னு கேக்கறார்."

சொன்னேன். வாயில் சரியாக வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கென்று இன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை முனிர்காவில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். முன்பிருந்த ஆளை அன்றுதான் நிறுத்தியிருந்தார்கள். அவன் பெயரைக் கேட்டேன். முதலாளிக்குத் தெரியவில்லை.