இருபுறமும் ஒரே மரம்

டிப்போவில் அவருக்குச் 'செல்லாக்காசு' என்று பெயர் வைத்தவர் அவருடைய பஸ் டிரைவர்தான். நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார், இவரும் "என்னப்பா?" என்று திரும்புவார். கோபப்பட என்ன இருக்கிறது? கண்டக்டர் பையில் விழும் சில்லறையில் கோணல்மாணலாக ஒன்று அகப்பட்டால், சொந்தக் காசைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிற மனிதரை வேறு எப்படித்தான் அழைப்பது!

அச்சடிக்கும்போது நேர்ந்த தவறுகள்தான் அவருக்குச் சொத்து. அச்சு விலகி ஒரு ஓரம் மொட்டையாக நின்ற காசு, இரண்டு முறை அடிவாங்கி எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரியும் காசு என்று ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். ஒன்றைக்கூட விலைக்கு வாங்கியதில்லை. ஆயிரம் பேர் புரட்டிப் பார்க்காமல் விட்டது நம் கைக்கு வந்ததே என்று வாயைப் பிளந்து நிற்கிற அந்த நொடி, கடையில் கிடைக்குமா என்ன?

அவருடைய மனைவி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டுக் கிழிக்கிறவள். "நல்ல காசைக் குடுத்து நொள்ளைக் காசை வாங்கிட்டு வர்ற ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் ஏங்கியது ஒரே ஒரு காசுக்கு. அடிபட்ட காசு கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் தகடு அந்தக் காசின் மீதே அடிபடும். மரம் பொறித்த காசு அப்படி அடிபட்டால், ஒரு பக்கம் மரம் புடைத்து நிற்கும். திருப்பினால் அதே மரம், இடவலம் மாறி, உள்ளே குழிந்து கிடக்கும். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே பரிமாறுவாள். ஓய்வு பெறுவதற்குள் கிடைத்தால் உண்டு, பை கையைவிட்டுப் போனபின் சில்லறை ஏது என்பது அவர் கவலை.

கடைசியில் பையை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். மறுநாள் காலை டீயோடு ஒரு காசையும் அவள் மேசையில் வைத்தாள். எடுத்தார். மரம். திருப்பினார். குழிந்த மரம்! கிளை கிளையாக விரலால் தடவினார். இப்படியொரு அதிசயத்தைத் தொட்டுப் பார்க்கத் தாமும் பிறந்திருக்கிறோமே என்று நெஞ்சு விம்மியது.

அப்புறம்தான் அதன் பளபளப்பு கண்ணில் பட்டது. புழங்கின காசு இப்படி மின்னாது. முகம் சுருங்கிவிட்டது.

"எவ்வளவு குடுத்து வாங்கினே?"

"வாங்கலியே."

"எங்கிட்டயே கதை விடறியா? கைபடாத காசு இது. கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான். நான் இதுவரைக்கும் ஒண்ணாவது வாங்கியிருக்கேனா?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஸ்டாண்டுக்கு வந்த காசுங்க. கரியாட்டம் இருந்துச்சு. உங்க கையில குடுக்கறப்ப நல்லா இருக்கட்டுமேன்னு பேஸ்ட் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சேன்."

"இதுதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாம என்ன? தினம் சோத்தோட சேத்து இதையும்தானே முழுங்கறேன்! கல்யாணமான புதுசுலேருந்தே, விழற காசு ஒவ்வொண்ணையும் புரட்டிப் பாத்துட்டுதான் டப்பாவுல போடறேன். 'சீக்கிரம் விடும்மா'ன்னு ஜனங்க திட்டாத நாள் இல்ல."

"ஒரு வார்த்தை சொல்லலியே?"

"கிடைக்காமப் போயிருந்தா? சொல்லி வேற ஏமாத்தணுமா?"

அவர் காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். மரம் முழுக்க மெல்லிய கீறல்கள்; பிரஷ் ஓடிய தடங்கள். இவ்வளவு தெரிந்தவருக்கு இது முதலில் தெரியவில்லை.

"தேய்ச்சிருக்கக் கூடாதோ?" என்றாள் சின்னக் குரலில்.

"கூடாதுதான்." பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "தேய்ச்ச காசை எவனும் மதிக்க மாட்டான்."

அவள் தலை குனிந்தது.

"இத்தனை வருஷமா நான் ஒருத்தன்தான் தேடறேன்னு நினைச்சிட்டிருந்தேனேடி..." காசைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார்.

"என்னை என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அவள், கூச்சத்தோடு. "காசைப் பாருங்க."