அக்கா பெண் படிக்கும் பள்ளி

பிறந்த ஊருக்கே வெளிநாட்டுக்காரனாக மாற்றலாகி வந்தவன் நான். ஜெர்மனிக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடித்தனம் நடத்தி, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் வாங்கிய பிறகு, எங்கள் கம்பெனி செய்யாரில் ஒரு தொழிற்சாலை திறந்தது. சில வருடங்களுக்கு அங்கே போய் இருந்துவிட்டு வா என்றார்கள். கம்பெனிக் கணக்கில் நான் 'எக்ஸ்பாட்', வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட ஆள். டிரைவரோடு கார், குடிதண்ணீருக்குத் தனி மெஷின், உள்ளூர்ப் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்ள ஒரு வகுப்பு, எல்லாம் உண்டு. அந்த வகுப்பில் கையால் பிசைந்து சாப்பிடுவது எப்படி என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள். நானும் மற்ற வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு ஆரணியில் பார்த்தோம். அடுத்த வேலை, இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய என் மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவது. பள்ளிச் செலவு கம்பெனியுடையது, ஆனால் பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்க வேண்டும் என்பது விதி. சென்னையில் இருப்பவையெல்லாம் தூரம். வேலூர்ப் பக்கம் ஒன்று இருந்தது, பிள்ளை தினமும் காரில் தூங்கியபடி போய்த் தூங்கியபடி வர வேண்டும். மூன்றாவதாக ஆரணியிலேயே ஒன்று. பெரிய கேட், கேட்டின் மேல் ஒரு உலக உருண்டை. அது எவ்வளவு தூரம் இன்டர்நேஷனல் என்று என் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியில்தான் என் அக்கா பெண் படிக்கிறாள்.

அக்காவுக்கும் செய்யாரில்தான் வேலை. நான் வேலை பார்க்கும் அதே தொழிற்பேட்டையில், ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் நிற்கிறாள். விடியும் முன்னே பஸ் ஸ்டாப்புக்கு வந்து கம்பெனி பஸ் ஏறுவாள். நான் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு, அதே ரோட்டில் ஏசி காரில் போவேன். "வாக்கா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருமுறை சொன்னேன். "ஷிஃப்ட் டைம் வேறடா, போடா" என்றாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது வசதியாகவும் இருந்தது.

தன் மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்ததை அக்கா இன்றைக்கும் விழா மாதிரி சொல்வாள். ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் அரசாங்கம் ஒதுக்கித் தரும் இலவச இடம் அது. குலுக்கலில் பெயர் வந்தது. "பேர கூப்ட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்பாள். நாங்கள் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள். "வேற எங்கயும் போய் அலையாதடா. ரெண்டும் ஒரே கிளாஸு. என் பொண்ணு பக்கத்துலயே உக்காந்துக்கட்டும். உன் பொண்ணுக்குத் தமிழும் வந்துடும், என் பொண்ணுக்கு இங்கிலீஷும் வந்துடும்."

அக்கா பெண் அதைவிட வேகம். பென்ச்சில் தன் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தாள். வேறு யாராவது உட்கார வந்தால் சண்டை. ஜெர்மனியிலிருந்து மாமா வருகிறார், மாமா பெண் நம் கிளாசில் சேரப் போகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தாள். வீடியோ காலில் என் மகளிடம் கற்றுக்கொண்ட ஜெர்மன் காலை வணக்கமான 'குட்டன் மோர்கனை' வகுப்புக்கே சொல்லிக் கொடுத்துவிட்டாள். 'நீங்க வந்ததும் எல்லாரும் எழுந்து சொல்லுவோம் மாமா' என்று என்னிடம் ரகசியம் மாதிரி சொன்னாள்.

நான் அவளுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவளுக்குக் காது குத்தியபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. யாரோ ஒரு பங்காளி மடியில் அவளை உட்கார வைத்து, எதிரே போனில் என்னைக் காட்டினார்கள். அவள் வீறிட்டு அழுதுகொண்டே போனில் தெரிந்த என் முகத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். அதற்கெல்லாம் சேர்த்து இப்போது ஈடுகட்டிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

பள்ளியைப் பார்க்க ஒரு காலையில் மூவரும் போனோம். பள்ளியை நடத்தும் கரெஸ்பாண்டென்ட் வாசலுக்கே வந்தார். மாடியில் அவர் அறை. நாற்காலியில் உட்காரும் முன்பே சால்வை. ஜரிகை போட்ட பச்சைச் சால்வையை என் தோளில் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தார். போட்டோ எடுக்க ஒருவர் தயாராக நின்றார். மனைவிக்குப் பூச்செண்டு, மகளுக்குச் சாக்லேட். பள்ளியைப் பார்க்க வந்தவனை மந்திரி மாதிரி நடத்தியதற்கு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

"சார் நம்ம பக்கம்னு கேள்விப்பட்டேன். ரொம்பப் பெருமையா இருக்குது" என்றார்.

"பெரணமல்லூர் பக்கம்" என்றேன்.

"அப்படியா! அங்க எந்தத் தெரு சார்?"

இந்தக் கேள்வி எதற்கு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெருவைச் சொன்னால் மிச்சத்தை அவர்களே தெரிந்துகொள்வார்கள். "அப்பா காலத்துலயே வெளிய போய்ட்டோம் சார். இப்ப இந்தப் பக்கம் சொந்தம்னு யாரும் இல்ல" என்றேன். ஆரணியில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அக்காவை ஒரே வாக்கியத்தில் இல்லாமல் செய்துவிட்டேன். மனைவி பூச்செண்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அவர் பள்ளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மாடியில் இன்டர்நேஷனல் செக்‌ஷன், எல்லா ரூமும் ஏசி. பாப்பா இங்கேதான் இருப்பாள். கீழே சாதாரண செக்‌ஷன். பிறகு குரலைத் தணித்து, என் கவலையைத் தீர்ப்பவர் போல இப்படிச் சொன்னார். "கோட்டா பசங்களும் இருக்காங்க சார், கவர்மென்ட் ரூலு, இன்னா பண்றது. அதுங்க எல்லாம் கீழதான். மேல மிக்ஸ் பண்ண மாட்டோம். நீங்க ஒண்ணும் கவலப்பட வேணாம்."

நான் படித்த பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை, "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வாத்தியார் சொல்வார். எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவன் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, "ஓகே சார்" என்றேன்.

அப்போதுதான் கதவருகே அக்கா பெண் வந்து நின்றாள். எங்கள் காரைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. எங்களைத் தன் வகுப்புக்கு அழைத்துப் போக வந்தவள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. என் மகள் நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கினாள்.

மகள் அவளிடம் ஓடுவதற்குள் கரெஸ்பாண்டென்ட் திரும்பினார். "ஏய், கோட்டா பசங்களுக்கு மேல இன்னா வேல? யாரப் பாக்க வந்த?"

அக்கா பெண் என்னைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியது மிகச் சின்ன வாக்கியம். என் அக்கா பெண் சார். அவ்வளவுதான். அந்த ஆள் பதறிப்போய், அவளுக்கும் ஒரு சாக்லேட் கொடுத்திருப்பார். ஆனால் இப்போதுதான் இந்தப் பக்கம் யாருமில்லை என்று சொல்லியிருக்கிறேன். தோளில் சால்வை வேறு. நான் குனிந்து, சால்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு ஜரிகை இழையைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

"யாரையும் இல்ல சார். தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள் அவள்.

"தண்ணி கீழ இருக்குது. ஜல்தியா போ."

போய்விட்டாள். மாமா என்று கூப்பிடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, என்னைக் காட்டிக் கொடுக்காமல் இறங்கிப் போனாள்.

நாங்கள் கீழே இறங்கி வந்தபோது ஒரு வகுப்பறையிலிருந்து பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று, "குட்டன் மோர்கன்" என்று கத்தினார்கள். கரெஸ்பாண்டென்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா இதுங்க, ஏதோ கத்திகினு இருக்குதுங்க" என்றார். இரண்டாவது பென்ச்சில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து இடத்தில் பை இருந்தது. அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பிள்ளைகளுக்குக் கையாட்டினேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

காரில் மனைவி வெளியே பார்த்தபடியே வந்தாள். டிரைவர் இருப்பதால்தான் எதுவும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீயும் சொல்லலாம் இல்ல?"

"உங்க அக்கா பொண்ணு. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். பூச்செண்டைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். என் மகள் அரைத் தமிழில், "அப்பா, நீ அவளப் பாக்கலயா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன்.

மகளை வேலூர்ப் பள்ளியில் சேர்த்தோம். பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் பள்ளி வேண்டாம் என்று மனைவி சொன்னாள், அது அவளுடைய காரணம். என்னுடையது வேறு. அந்தக் கேட்டுக்குள் மறுபடி நுழைந்து அக்கா பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவிடம், கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன். "கம்பெனிக்காரன் சொன்னா இன்னா பண்ணுவ, விடு" என்றாள். அவள் அவ்வளவு லேசாக நம்பியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வந்தது. பச்சைச் சால்வையில் நான், பூச்செண்டோடு மனைவி, சாக்லேட்டோடு மகள். 'எங்கள் பள்ளியைத் தேடி வந்த ஜெர்மனி நாட்டுக் குடும்பம்' என்று கொட்டை எழுத்தில். செய்யார் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லிக் கரெஸ்பாண்டென்ட்டுக்குப் போன் செய்தேன். "இருக்கட்டும் சார், அட்மிஷன் சீசன்" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

அக்கா தினமும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான் நின்று பஸ் ஏறினாள். லைனில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் காட்டினாளாம். "என் தம்பிடி. கூடப் பொறந்தவன்." அவர்களும் போனில் படம் எடுத்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பிரியாணி சாப்பிடும்போது சொன்னாள். முன்னறையில் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அக்கா பெண் என் மகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வழக்கம் போலத்தான் இருந்தாள். 'இன்னும் கறி போட்டுக்கோங்க மாமா' என்றாள். வீட்டுக்குள் நான் மாமாதான்.

"இன்னொரு கூத்து கேளுடா" என்றாள் அக்கா. "போன வாரம் டீச்சரு என்னைக் கூப்ட்டு அனுப்பிச்சாங்க. இவ கிளாஸ்ல ஒரு பொண்ண அடிச்சிட்டாளாம். இன்னாடின்னு கேட்டா, அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கிறவரு என் மாமான்னு இவ சொல்லிகினே இருந்திருக்கா. அதுங்க, பொய் சொல்ற, அவரு உன்னப் பாத்து ஒரு வார்த்தகூடப் பேசலன்னு கிண்டல் பண்ணியிருக்குதுங்க. டீச்சரும் நம்பல. கோட்டாவுல படிக்கிற பொண்ணுக்கு ஜெர்மனில மாமாவான்னு சிரிக்கிறாங்க. ஒரே பேஜாராப் போச்சு. நீ ஒரு வாட்டி வந்து நில்லுடா தம்பி. உன்னப் பாத்தா வாய மூடிக்குவாங்க."

"நாளைக்கே வரேன்கா" என்றேன். நிஜமாகவே சொன்னேன். நாளைக்கே போய், அந்த மாடிக்கே ஏறி, அந்த ஆள் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது.

அக்கா பெண் உரித்த முட்டையை என் மகளின் தட்டில் வைத்தாள்.

"வேணாம் மாமா. இப்ப யாரும் கிண்டல் பண்றதில்ல" என்றாள். "அவரு என் மாமா இல்ல, சும்மா சொன்னேன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.